காய்ச்சல் திறப்பு விழா

“இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் காய்ச்சல் குறையாமப் பாத்துக்கங்க. அது ஒண்ணுதான் உங்க பொறுப்பு. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

“குறையாமலா?”

“குறையாம.”

“சார், நான் போன் பண்ணினது குறைக்கிறதுக்கு.”

“குறைச்சிடலாம். யார் வேண்டாம்னாங்க? தலைவர் வந்து குறைப்பார்.”

இதைச் சொன்னவர் இல்லப் பராமரிப்பு வாரியத்தின் ஒருங்கிணைப்பாளர். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் நான்கு பேனா. கேட்டவன் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். சந்தில் எல்லோரும் அவனைக் கண்ணாடிக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் நின்று பேசிய இடம் அவன் வீட்டின் முன்னறை. உள்ளறையில் கட்டிலில் சுருண்டு கிடந்தவள் அவனுடைய தங்கை.

அவளுக்குப் புத்தகம் கட்டும் கடையில் தாள் மடிக்கிற வேலை. முந்தின நாள் மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். உடம்பு கொதித்தது. தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வெளிச்சம் பட்டாலே முகத்தைச் சுளித்தாள். கண்ணாடிப் பலகைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் வைக்கிற பழுப்புத் தாள் அவனிடம் கட்டுக் கட்டாக இருந்தது. அதை எடுத்து ஜன்னல் முழுக்க ஒட்டி அறையை இருட்டாக்கினான். தண்ணீர் கொடுத்தான். ஒரு மாத்திரை கொடுத்தான். கொஞ்சம் குறைந்தது. காலையில் மறுபடி ஏறியது. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வாரியத்தின் எண் ஊரில் எல்லாச் சுவரிலும் இருந்தது. “திடீர்க் காய்ச்சலா? தலைவலியா? பதறாதீர்கள். எங்களை அழையுங்கள்.” அவன் பதறாமல் அழைத்தான்.

எடுத்த பெண் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்கவில்லை. காய்ச்சலும் தலைவலியும் ஒன்றாக இருக்கின்றனவா, ஒரே ஆளுக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ “கிடைச்சாச்சு” என்று கத்துவது அவனுக்குக் கேட்டது. பிறகு பொத்திய கையை எடுத்து, “வாழ்த்துகள்” என்றாள்.

விஷயம் இதுதான். அன்றைக்கு வாரியத்தின் ‘வீடே மருத்துவமனை’ திட்டத்தின் தொடக்க விழா. தலைவரின் உரை எப்போதோ எழுதி அச்சாகிவிட்டது. அதன் பொருள் தலைவலியுடன் கூடிய திடீர்க் காய்ச்சல். ஆகவே நோயாளிக்கும் அதுவே இருக்க வேண்டும்.

“பக்கத்துப் பேட்டையில ஒரு தையல்காரரைச் சொல்லி வெச்சிருந்தோம்,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “பொறுப்பில்லாத மனுஷன். நேத்து வேர்த்துக் கொட்டி எழுந்து உக்காந்து, பசிக்குதுன்னு சொல்லிட்டார். எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்புறம் காய்ச்சல் இல்லாத தலைவலி ஒண்ணு கிடைச்சுது. தலைவலி இல்லாத காய்ச்சல் ஒண்ணு கிடைச்சுது. ரெண்டு பேரையும் ஒரே கட்டில்ல படுக்க வெச்சிடலாம்னு கூட ஒருத்தர் சொன்னார். நான் சம்மதிக்கல. நமக்குன்னு ஒரு மனசாட்சி இருக்கு பாருங்க.”

கண்ணாடிக்காரன் ஜன்னல் விளிம்பில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்தான். ஒருங்கிணைப்பாளர் அதை அவன் கையிலிருந்து மென்மையாக வாங்கிக்கொண்டார். ஒரு தட்டில் வைத்தார். தட்டைச் சுற்றி ரிப்பன் கட்டினார்.

“சார், அவளுக்கு மாத்திரை போடற நேரம் இது.”

“மாத்திரை வழங்கல் தலைவருக்கு. தண்ணீர் வழங்கல் துணைத் தலைவருக்கு. நெத்தியில ஈரத்துணி போடறது தலைவரோட மனைவிக்கு. அழைப்பிதழ்ல அப்படித்தான் போட்டிருக்கு. நீங்க இப்பவே மூணையும் பண்ணிட்டீங்கன்னா அவங்க மூணு பேரும் வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணுமா?”

“தண்ணி கூடவா?”

“தண்ணிதான் சார் முக்கியம். காய்ச்சல்காரங்களுக்குத் தண்ணி எவ்வளவு முக்கியம்னு துணைத் தலைவர் அரை மணி நேரம் பேசப் போறார்.”

கண்ணாடிக்காரன் முரடன் அல்ல. விரல்நுனிகளில் எப்போதும் கீறல்கள் உள்ளவன். உடையக்கூடிய பொருள்களோடு பழகிப் பழகி எதையும் அழுத்திப் பிடிக்காத பழக்கம் அவனுக்கு வந்திருந்தது. இருந்தும் அவன் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பான். ஒருங்கிணைப்பாளர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை அவனைத் தடுத்தது. தலைவருடன் ஒரு டாக்டரும் வருகிறார். மேடையிலேயே இருப்பார்.

டாக்டர் வருகிறார் என்றால் காத்திருக்கலாம் என்று அவன் நினைத்தான். பிறகு வாழ்நாள் முழுக்க அவன் தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடிய விஷயம் அது.

ஒருங்கிணைப்பாளரோடு வந்திருந்த போட்டோக்காரர் உள்ளறைக்குப் போய் முதல் காரியமாக ஜன்னலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பக்கம் பாருங்கம்மா. முகத்துல வலி தெரியணும். ஆனா நம்பிக்கையும் தெரியணும்.”

“எது எந்தப் பக்கம்?” என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். “வலது கன்னத்துல வலி, இடது கன்னத்துல நம்பிக்கை. போதுமா?”

கண்ணாடிக்காரன் தன் சட்டையைக் கழற்றி ஜன்னலை மறைத்துப் பிடித்தான். போட்டோக்காரர் அவனை நகரச் சொன்னார். அவன் நகரவில்லை. அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

“அண்ணா,” என்றாள் அவள். “யாரு இவங்க?”

“வீட்டுல வெச்சு எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லித்தர வந்திருக்காங்க.”

“நீ என்னை வீட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

ஒரு துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, யாரும் பார்க்காதபோது அவள் உதட்டில் பிழிந்தான். அவள் ஆவலாகச் சப்பினாள்.

அப்போது காரண அலுவலர் வந்தார். கண்டிப்பான பள்ளிக்கூடத்து அம்மா மாதிரி இருந்தார். எந்த நோய்க்கும் ஒரு காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அதை அறிவிப்பது அவர் வேலை. கட்டிலின் பக்கம் போகாமல் கதவருகே நின்றபடியே தொடங்கினார்.

“கொசுவா இருக்கலாம். ஆனா கொசு ஒழிப்புப் பிரிவு போன வருஷமே கொசுவை ஒழிச்சு விழா நடத்திட்டாங்க. இப்பப் போய்க் கொசுன்னு சொன்னா அவங்க மனசு புண்படும்.”

“இங்க கொசு இருக்கு மேடம். இப்பக்கூட உங்க கையில.”

அவர் கையைத் தட்டி நசுக்கினார். “இருக்கலாம். அறிவிக்க முடியாது. தண்ணியா இருக்கலாம். குடிநீர்ப் பிரிவு மேலதிகாரி தலைவரோட மச்சான். அதனால தண்ணியா இருக்காது. வெயிலா இருக்கலாம். வெயிலுக்குப் பிரிவே இல்லை, அது நல்ல காரணம். ஆனா இவங்க நிழல்ல உக்காந்து வேலை பாக்கறவங்களாமே. பல்லு, காது, சைனஸ், தொண்டை. இதுக்கெல்லாம் நிபுணர்கள் இருக்காங்க. ஒருத்தரை விட்டு ஒருத்தரைச் சொன்னா விடுபட்டவர் கோவிச்சுக்குவார்.”

“ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணினா தெரிஞ்சிடாதா?”

“தெரிஞ்சிடும். அதான் பண்றதில்லை.” அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “குடும்பத்தாரின் அலட்சியம். அதுக்குன்னு எந்தப் பிரிவும் கிடையாது. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

“நான் அலட்சியமா இருந்தேனா?”

“உங்களைச் சொல்லலை தம்பி. பொதுவாச் சொன்னேன். இருந்தாலும் அறிவிக்கும்போது உங்களைப் பார்த்துத்தான் அறிவிப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

வெளியே நாற்காலிகள் இழுபடும் சத்தமும், ஒலிபெருக்கியில் யாரோ ஊதிப் பார்க்கும் சத்தமும் கேட்டன. நான்கு பேர் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கட்டிலின் நான்கு கால்களையும் பிடித்தார்கள்.

“எங்க கொண்டு போறீங்க?”

“மேடைக்கு,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“வீட்டுல வெச்சுப் பாத்துக்கற திட்டம்னு சொன்னீங்க.”

“ஆமா. ஆனா இந்த அறைக்குள்ள அத்தனை நாற்காலி போட முடியுமா? அதனால வீட்டை வெளியில கொண்டு வந்திருக்கோம். வந்து பாருங்க, உங்களுக்கே பிடிக்கும்.”

உண்மைதான். சந்தின் நடுவில் ஒரு மேடை. மேடையில் ஒரு திரை. திரையில் ஒரு வீடு வரைந்திருந்தார்கள். இந்த வீட்டை விடப் பெரிய வீடு. சுவர் நீலம். ஜன்னலில் மெல்லிய திரைச்சீலை. ஜன்னலுக்கு வெளியே வரைந்த மரத்தின் நிழல் வரைந்த தரையில் குளுமையாக விழுந்தது. அந்த நிழலுக்கு முன்னால், மொட்டை வெயிலில், கட்டிலை இறக்கினார்கள். சந்து முழுக்க அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். வராதவர்கள் வீட்டுத் தண்ணீர் இணைப்பு பற்றி யோசிக்கப்படும் என்று காலையில் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள்.

வாரியத்தின் ஊழியர் ஒருவர் தங்கையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். ஒருங்கிணைப்பாளரின் முகம் இருண்டது.

“குறைஞ்சிருக்கு. யார் தண்ணி கொடுத்தது?”

கண்ணாடிக்காரன் கையில் ஈரத்துண்டு இருந்தது.

“பாருங்க தம்பி, தலைவர் வந்து மாத்திரை கொடுக்கிற நேரத்துல காய்ச்சல் இல்லைன்னா அது என்ன மாத்திரை? எதுக்கு மாத்திரை? ஒரு திட்டத்தையே நீங்க ஒரு துண்டை வெச்சு ஒழிச்சிடுவீங்க போல இருக்கே.” அவர் திரும்பி, “கம்பளி கொண்டாங்க,” என்றார்.

தடித்த கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்தினார்கள். ஓரங்களை உள்ளே செருகினார்கள். கண்ணாடிக்காரன் அதை இழுத்து எறிந்தான். மறுபடி போர்த்தினார்கள். மறுபடி எறிந்தான். மூன்றாம் முறையும் போர்த்தினார்கள்.

“இது அவ உடம்பு சார்.”

“அதை யாரும் மறுக்கலையே,” என்றார் ஒருங்கிணைப்பாளர் வருத்தத்தோடு. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் பொதுவானது. அவ்வளவுதான்.”

முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். அவர் அழகாகப் பேசுகிறார் என்று ஒரு மாமா சொன்னார். எதிர்வீட்டு அக்கா மட்டும் எழுந்து, “புள்ளைக்கு ஒரு குடையாவது பிடிங்கய்யா,” என்றாள். குடைக்கு அனுமதி இல்லை, பின்வரிசைக்கு மறைக்கும் என்றார்கள். அவள் தன் குடையைத் திறந்தாள். இரண்டு பேர் வந்து, குடையோடு சேர்த்து அவளைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

தங்கை கம்பளிக்குள்ளிருந்து, “அண்ணா, நான் செத்துட்டேன்னா அதையும் அவரே வந்து திறந்து வைப்பாரா?” என்றாள்.

“வாயை மூடு.”

“கேட்டு வெச்சுக்க. அழைப்பிதழ் அடிக்கணும் இல்ல.”

அதற்குப் பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் சரிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் நீர்தான் வந்தது. வந்த பிறகும் குமட்டிக்கொண்டே இருந்தது. ஒருங்கிணைப்பாளர் உரையின் பிரதியை அவசரமாகப் புரட்டினார்.

“வாந்தி அபாய அறிகுறிகள்ல வருது. கடைசிப் பக்கம். இப்பவே வந்தா எப்படி? இன்னும் தலைவரே வரல.”

தலைவர் வந்தார். நடந்து வரும் தூரம்தான். ஆனால் தலைவர் நடப்பதில்லை. கார் நாற்காலிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்தது. இருபுறமும் ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். தலைவர், அவர் மனைவி, துணைத் தலைவர், கடைசியாக டாக்டர், எல்லோரும் இறங்கி மேடையேறினார்கள். பூங்கொத்துகள் கொடுக்கப்பட்டன. துணைத் தலைவர் தண்ணீரைப் பற்றிப் பேசினார். பேச்சின் நடுவே இருமல் வந்து, நோயாளிக்காக வைத்திருந்த தம்ளர் நீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

டாக்டரின் நாற்காலி மேடையின் ஓரத்தில் இருந்தது. கண்ணாடிக்காரன் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து ஓடி அவர் காலருகே மண்டியிட்டான்.

“சார், ஒரு நிமிஷம் பாருங்க சார்.”

டாக்டர் இளைஞர். அக்கம்பக்கம் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழாமல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலின் பக்கம் நகர்த்தினார். கையை நீட்டி அவள் பின்கழுத்தில் வைத்து மெதுவாகத் தலையை முன்னால் தூக்கப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை. தலையோடு தோளும் சேர்ந்து எழுந்தது. அவள் அலறினாள். துணைத் தலைவர் அந்த அலறலைத் தன் கருத்துக்குக் கிடைத்த ஆதரவாக எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை. “மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வுல தொற்றா இருக்கலாம். இது வீட்டுல வெச்சுப் பாக்கற காய்ச்சல் இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்,” என்றார் உதடு அசையாமல். “உடனேன்னா உடனே.”

“சார், நீங்க எழுந்து மைக்ல சொல்லுங்க. நீங்க சொன்னா விடுவாங்க.”

“எனக்கு இன்னிக்கு நன்றியுரைதான் கொடுத்திருக்காங்க.”

“சார்.”

“தலைவருக்கு முன்னாடி நான் பேச முடியாதுங்க. போன டாக்டர் பேசினார். அவர் இப்ப எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியல.” அவர் நாற்காலியை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்கு நகர்த்திக்கொண்டார். போகும்போது, “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க,” என்றார்.

தலைவர் எழுந்தார். கைதட்டல்.

“அன்பார்ந்த மக்களே. நான் பதவிக்கு வந்தப்ப இந்த ஊர்ல நிலைமை என்ன? ஒரு தலைவலி வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடறது. ஒரு காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடறது. இன்னிக்கு நம்ம பேட்டையில யாராவது ஓடறாங்களா? ஓடறதில்லை. ஏன்? நம்ம பேட்டை ஆஸ்பத்திரியை மூடிட்டோம்.”

கைதட்டல்.

“மூடி என்ன பண்ணினோம்? சும்மா விட்டோமா? அந்தக் கட்டடத்துலதான் இன்னிக்கு நம்ம வாரியம் நடக்குது. ஆபரேஷன் தியேட்டரா இருந்த இடத்துலதான் இந்த உரையை எழுதினாங்க. நல்ல வெளிச்சம். சிலர் கேக்கறாங்க, மூடினதால காய்ச்சல் குறைஞ்சுதான்னு. நான் கேக்கறேன், காய்ச்சல்னு யாராவது வந்து பதிஞ்சாங்களா? ஒருத்தர் கூட இல்லை. பதியற இடமே இல்லாத அளவுக்கு ஒரு ஊரைக் கொண்டு வந்திருக்கோம்.”

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. கண்ணாடிக்காரன் தங்கையின் பக்கத்தில் குனிந்து கம்பளியை விலக்கினான். பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மெயின் ரோடு வரை போய்விட்டால் ஒரு ஆட்டோ கிடைக்கும்.

“எழுந்திருக்க முடியுமா? போயிடலாம் வா.”

அவள் அவனைப் பார்த்தாள். “மேஸ்திரிகிட்ட சொல்லுண்ணா. இன்னும் ஒரு கட்டுதான் பாக்கி. மடிச்சு வெச்சிட்டு வந்துடறேன்.”

வழக்கம்போல் கிண்டல் என்று நினைத்து அவன் பாதி சிரித்துவிட்டான். அவள் விரல்கள் கம்பளியின் ஓரத்தை மடித்து, நகத்தால் நீவி, மறுபடி மடித்தன. கண் அவன் முகத்தில் இருந்தது. ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

தலைவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். அந்தப் பக்கத்தை யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

“ஆனால் அன்பர்களே, சில அறிகுறிகள் தெரிந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கழுத்து விறைத்துப் போவது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போவது.”

“சார், இதோ,” என்றான் கண்ணாடிக்காரன்.

“ஓயாத வாந்தி.”

“சார், இருக்கு சார். எல்லாம் இருக்கு.”

“குழப்பமான பேச்சு. ஆளை அடையாளம் தெரியாமல் போவது.”

அவன் மேடையின் நடுவுக்கே வந்துவிட்டான். ஒருங்கிணைப்பாளர் அவன் தோளில் கை போட்டு, படத்துக்கு நிற்பது போலச் சிரித்துக்கொண்டே காதில் சொன்னார். “கேள்வி நேரம் கிடையாது தம்பி. இன்னும் மாத்திரை வழங்கலே ஆகல.”

“தலைவர் இப்பப் படிச்சதைத்தான் நான் சொல்றேன். உங்க பேப்பர்ல இருக்கறதுதான் அந்தக் கட்டில்ல இருக்கு.”

“தெரியுது. அதனாலதான் இவ்வளவு நல்லா அமைஞ்சிருக்கு.”

கண்ணாடிக்காரன் கையை ஓங்கினான். வாழ்க்கையில் அவன் எதையும் உடைத்ததில்லை. ஒருங்கிணைப்பாளரின் மூக்கு எந்த இடத்தில் தட்டினால் சுத்தமாக இரண்டாகும் என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரிந்தது. ஆனால் அதற்கு ஒரு கணம் செலவாகும். அந்தக் கணம் தங்கையுடையது. கையை இறக்கி, கட்டிலுக்குத் திரும்பி, அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து குதித்தான்.

ஜனங்கள் ஒரு நொடி விழித்தார்கள். பிறகு இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் நிலைமையைக் காப்பாற்றினார். “இப்போது நோயாளியின் அண்ணன், பாசத்தோடு அவரைச் சுமந்து வலம் வருகிறார்,” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். போட்டோக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். கைதட்டியவர்களின் கைகளுக்கு நடுவே முழங்கையால் இடித்துக்கொண்டு கண்ணாடிக்காரன் நடந்தான். “வழி விடுங்க. அய்யோ வழி விடுங்க,” என்றான். நல்லா நடிக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அவன் காதுக்குப் பக்கத்தில் தங்கை மேஸ்திரியிடம் எதற்காகவோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு அவன் கழுத்தைச் சுட்டது.

சந்தின் வாயில் தலைவரின் கார் நின்றது. தலைவரையும் மற்றவர்களையும் இறக்கிவிட்டு, வெளியே போகத் தோதாகப் பின்னால் எடுத்து நிறுத்தியிருந்தார்கள். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே அடைத்துவைத்த மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஒரு பூனை போகலாம். அதற்கு அப்பால் மெயின் ரோட்டில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது.

காருக்குள் டிரைவர் இருந்தார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன. தலைவர் எந்த நேரமும் புறப்படக்கூடும் என்பதால் டிரைவர் கைகளை எடுப்பதில்லை போலும்.

கண்ணாடிக்காரன் முழங்கையால் ஜன்னலைத் தட்டினான். மறுபடி தட்டினான். பின்னால் ஒலிபெருக்கியில் தலைவர் உரையை முடித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கணம் கூடத் தாமதிக்கக் கூடாது, தாமதித்தவர்களை வரலாறு மன்னிக்காது. கைதட்டல் சந்தைத் தாண்டி மெயின் ரோடு வரை போனது.

கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து தங்கையின் முகத்தில் பட்டது. டிரைவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாண்டவிட்டு, மேடையில் ஒருங்கிணைப்பாளர் எங்கே நிற்கிறார் என்று தேடினார்.

“அண்ணே,” என்றான் கண்ணாடிக்காரன். “எங்களை ஏத்திக்க வேண்டாம். வண்டிய மட்டும் கொஞ்சம் வெளியில எடுங்கண்ணே.”